ஏதோ இருக்கிறோம்

எப்படி இருக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டுவிட்டு நல்ல பதிலை எதிர்பார்ப்பவர்கள் அவளைத் தெரியாதவர்கள். "ஏதோ இருக்கோம்" என்பாள். வேலை எப்படி? "ஏதோ ஓடுது." வீடு? "ஏதோ தலை சாய்க்க ஒரு இடம்." வெயில் பளீரென்று அடிக்கிற நாளில், என்ன அருமையான நாள் என்று எதிர்வீட்டுக்காரர் வாய் நிறையச் சொன்னால்கூட, சாயங்காலம் மழை வந்தாலும் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் இரண்டு தமிழ்ப் பெண்கள் அவளுக்கு 'ஏதோ அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஊரைவிட்டு வந்து பதின்மூன்று வருடம். முதல் நாலு வருடம் ஆஸ்பத்திரி நடைகளைத் துடைத்தாள், பிறகு சலவைக்கூடத்துக்குப் போனாள், இரண்டு வருடமாக அங்கே துவைத்த துணியைச் சரிபார்க்கும் பக்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் சொன்னால் ஆறு பேர் கேட்கிறார்கள். இரண்டு அறை வீடு, ஜன்னலைத் திறந்தால் டிராம் நிறுத்தம். மொழிப் பரீட்சையை முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். பதினேழு வயது மகள் கணக்கில் வகுப்பிலேயே முதல். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று யாராவது கேட்டால், அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பதிலை நாம் சொல்லிவிடலாம். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி நலம் விசாரித்தாள். அப்போது இவள் சின்னப் பெண், வாய் கொள்ளாச் சிரிப்போடு, "எங்களுக்கு என்ன குறை, ராஜாத்தி மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். ஒன்பதாம் நாள் அவள் புருஷன் வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்தது. மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. சாரம் சரிந்ததற்குக் கயிறு காரணம், மேஸ்திரி காரணம், ஆயிரம் காரணம் இருக்கும். அவள் மனசுக்கு ஒரே காரணம்தான். அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த வருடமே பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வேலைக்கு வந்தாள். வேலை நிரந்தரமாகி, சொந்தப் பெயரில் வீடு எடுத்து, பிள்ளையை வரவழைக்க அனுமதி வாங்க ஐந்து வருடம் ஆனது. நாலு வயதில் விட்டுவிட்டு வந்தது ஒன்பது வயதில் விமானத்திலிருந்து இறங்கிக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, நீதான் அம்மாவா என்பதுபோல் பார்த்தது. 

ஆகவே, குடியுரிமைக்கு மனுப் போட்டபோது அவளுக்குக் கொடியும் பெரிதில்லை, பாஸ்போர்ட்டின் நிறமும் பெரிதில்லை. "எப்போ முழு ஐரோப்பாக்காரி ஆகப்போறே?" என்று அண்ணி போனில் கேலி செய்வாள், அதற்கும் ஏதோ பார்க்கலாம் என்றுதான் பதில். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் தாய்க்குக் கிடைத்துவிட்டால் மகளுக்கும் கூடவே கிடைக்கும். ஒரு நாள் தாண்டினாலும் மகளுக்குத் தனி மனு, தனி வரிசை, வருடா வருடம் தங்கும் அனுமதிக்கு நடையாய் நடக்க வேண்டும். ஏதாவது ஒரு வருடம் முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டால் பிள்ளை மூட்டை கட்ட வேண்டியதுதான். மறுபடியும் அவள் ஒரு நாட்டில், பிள்ளை ஒரு நாட்டில். அதை மட்டும் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மகளின் பிறந்தநாளுக்கு நாலு மாதம் இருக்கும்போது நேர்காணலுக்கு அழைத்தார்கள். நகராட்சிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. நீள மேஜை, தண்ணீர்க் கூஜா, கவிழ்த்து வைத்த மூன்று கண்ணாடி டம்ளர்கள். எதிரே மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, அவர் பக்கத்தில் தட்டச்சு செய்ய ஓர் இளம் பெண். அதிகாரி நல்ல மனிதர், குளிராக இருக்கிறதா, ஜன்னலைச் சாத்தட்டுமா என்றெல்லாம் கேட்டார். பிறகு மொழி எப்படிப் பேசுகிறீர்கள் என்றார். ஏதோ கொஞ்சம், தப்பும் தவறுமாக, என்றாள். என்ன வேலை? துணி மடிக்கிறேன். வேலை பிடித்திருக்கிறதா? பிடித்து என்ன, பிடிக்காமல் என்ன, ஓடுகிறது. நண்பர்கள்? நமக்கு யார் இருக்கிறார்கள், நாம் உண்டு நம் வேலை உண்டு. மகள் எப்படிப் படிக்கிறாள்? சுமார்தான், இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. இந்த நாட்டில் நன்றாக இருக்கிறீர்களா? ஏதோ இருக்கிறோம்.

இத்தனையையும் அந்த நாட்டு மொழியில் ஓர் இடத்தில்கூடத் தட்டுத் தடுமாறாமல் சொன்னாள். தட்டச்சுப் பெண் ஒரு சொல் விடாமல் அடித்துக்கொண்டாள். கும்பிட்டு விடைபெற்று வெளியே வந்தவளுக்கு மனசு நிறைந்திருந்தது. பீற்றிக்கொள்ளாமல், பெரியவர்கள் முன்னால் அடக்கமாகப் பேசிவிட்டு வந்தோம் என்று நினைத்தாள். டிராமில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மகள் பள்ளிவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சமையலறை மேஜைமேல் கிடந்த உறையைக் கிழித்து வாசித்தாள். மனுதாரரின் பேச்சும் அவர் கொடுத்த சான்றுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மொழிச் சான்றிதழ் மிக நல்ல தேர்ச்சி என்கிறது, கொஞ்சம்தான் தெரியும் என்கிறார் மனுதாரர். பொறுப்பாளர் என்கிறது வேலையிடத்துக் கடிதம், துணி மடிப்பவர் என்கிறார். முதல் மாணவி என்கிறது பள்ளி, சுமார் என்கிறார். இவர் இந்தச் சமூகத்தில் வேரூன்றியதாகத் தெரியவில்லை, சான்றுகள் உண்மைதானா என்ற கேள்வியும் எழுகிறது. ஆகவே மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் விசாரணைக்கு வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மனு தள்ளுபடி.

 சலவைக்கூடத்தில் ஒன்பது வருடம் ஒரு சட்டைப் பித்தான்கூடத் தவறவிடாதவள், இப்போது பொய்ச் சான்று கொடுத்தவளாக நிற்கிறாள். என்ன செய்வது என்று மகளைப் பார்த்தாள். மகள் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சுமாரா?" என்றாள்.

அது அப்படியில்லை, வெளியாட்கள் முன்னால் சொந்தப் பிள்ளையைப் புகழக்கூடாது, கண்பட்டுவிடும், மனசுக்குள் தெரியாதா என்றெல்லாம் அம்மா விளக்கினாள். மகள் பொறுமையாகக் கேட்டாள்.

"வெளியாள் முன்னாடி வேண்டாம்மா. என்கிட்ட சொல்லியிருக்கியா? ஒரு தடவை?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். எங்கே தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை, மெல்லத்தான் சாத்தினாள்.

இந்த மாதிரிச் சமயத்தில் கீழ்வீட்டு வக்கீலை விட்டால் யார் இருக்கிறார்கள்? வக்கீல் என்றால் கோட்டுப் போட்ட வக்கீல் இல்லை. டிராம் பெட்டிகளைக் கழுவுகிற வேலை செய்பவள், இவளைவிட ஆறு வயது சின்னவள். எதையும் எதிர்த்து வாதாடியே குடியுரிமை வாங்கியவள் என்பதால் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள், அடுத்த நாளே பயிற்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டாள்.

தினமும் சாயங்காலம், வேலைவிட்டு வந்ததும், சமையலறையில் விசாரணை நடந்தது. வக்கீல் மூக்கில் ஒரு பழைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதிகாரியாக உட்காருவாள். எப்படி இருக்கிறீர்கள்? மிகவும் நன்றாக இருக்கிறேன். வேலை? மிகவும் பிடிக்கும், நான் பொறுப்பாளர். வாய் சொல்லும், ஆனால் முகம் பல் பிடுங்க வந்தவள் மாதிரி இருக்கும். வாக்கியம் முடிந்ததும் கூடவே ஒரு பெருமூச்சு வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு "ஏதோ..." என்று ஆரம்பித்துவிடுவாள். வக்கீல் கரண்டியால் மேஜையைத் தட்டுவாள்.

"அக்கா, அங்க வந்தும் இந்த அடக்கத்தைக் காட்டினீங்கன்னா நானே மனு எழுதிக் கொடுத்து உங்களை ஊருக்கு அனுப்பிடுவேன்."

பன்னிரண்டு நாளில் ஒருவழியாகப் பெருமூச்சு போயிற்று. பதினைந்தாம் நாள் வக்கீல் சொல்லிக்கொடுத்த எட்டு வாக்கியங்களும் ஒரு தடங்கல் இல்லாமல் வந்தன. மகள் மட்டும் இந்தப் பயிற்சிக்கு வந்து உட்காரவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுக்க வருவாள், போவாள். அம்மா 'என் மகள் மிகவும் புத்திசாலி' என்ற ஏழாம் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், தண்ணீர் குடிக்க வந்தவள் அதைக் கேட்டு ஒரு நொடி நின்றாள், பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையைப் புகழ ஒருத்தியிடம் பாடம் படிக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

விசாரணை நாளும் வந்தது. அதே அறை, அதே நீள மேஜை, அதே கண்ணாடிக்கார அதிகாரி. இந்தத் தடவை தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதிகாரி கேட்கக் கேட்க அவள் பாடத்தை ஒப்பித்தாள். மிகவும் நன்றாக இருக்கிறேன். வேலை மிகவும் பிடிக்கும். நிறைய நண்பர்கள். மொழி நன்றாகப் பேசுவேன். என் மகள் மிகவும் புத்திசாலி. தட்டச்சுப் பெண் அடித்துக்கொண்டே போனாள். எட்டாவது வாக்கியம் வருவதற்குள் அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

போன தடவை இதற்கெல்லாம் நேர்மாறாகச் சொன்னீர்கள் என்றார். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் எதை நம்புவது? அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இப்போது இவர் கோப்பை மூடினால் எல்லாம் முடிந்தது. மகளுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதமும் சில நாட்களும்தான் மிச்சம். வக்கீலின் பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 

பிறகு, உங்கள் வேலையைச் சொல்லுங்கள், நேற்று என்ன செய்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று அதிகாரியே கேட்டார்.

நேற்றைச் சொல்வதில் என்ன பெருமை, என்ன அடக்கம்? சொன்னாள். ஆபரேஷன் தியேட்டர் துணி ஒவ்வொன்றையும் அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜைமேல் விரித்துப் பார்ப்போம். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் அதன் வழியாகக் குத்தும். அந்த ஓட்டை வழியாகக் கிருமி போகும், வயிற்றைத் திறந்து வைத்திருக்கிற நோயாளிக்குள் போகும். நேற்று நூற்றுப்பத்துத் துணியில் நாலை நான் திருப்பி அனுப்பினேன். புதிதாக வந்த பெண் இரண்டைத் தவறவிட்டாள், அவளை நிறுத்தி வைத்துத் துணியை எந்தப் பக்கமாக நகர்த்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். திட்டவில்லை, முதல் மாதத்தில் நானும் விட்டவள்தான். ஒன்பது வருடத்தில் என் கையைத் தாண்டிப் போன துணியைப் பற்றித் தியேட்டரிலிருந்து ஒரு புகார் வந்ததில்லை.

தட்டச்சுப் பெண் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியென்றால், என்றார் அதிகாரி, போன தடவை ஏன் துணி மடிக்கிறேன் என்று சொன்னீர்கள்?

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டையும் சாரத்தையும் பற்றி அம்மா முதலில் சொன்னாள். சொல்லும்போதே இது பாதிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மீதிப் பாதி அன்றைக்கு வரை அவளுக்கே தெரியாது, வாய் திறந்த பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது. அந்த நாட்டு மொழியில்தான் சொன்னாள். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"நாலு வயசுப் பிள்ளைய விட்டுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். நல்லா இருக்கியாம்மான்னு கேக்கும். நல்லா இல்லைன்னா அது அழும். நல்லா இருக்கேன்னா, நீ இல்லாமலே நான் நல்லா இருக்கேன்னு ஆயிடும். ஒரு அம்மா அதை எப்படிச் சொல்றது? அதனால ரெண்டும் இல்லாம, ஏதோ இருக்கேன்னு சொன்னேன். அஞ்சு வருஷம் சொன்னேன். அதுக்கப்புறம் வாய் அப்படியே நின்னுடுச்சு."

 பிறகு அதிகாரி, உங்கள் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று மறுபடியும் கேட்டார். முதல் மாணவி என்றாள். என்னைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரி, நான் பார்த்த பிள்ளைகளிலேயே கெட்டிக்காரி, எனக்கு அவளைப் பார்த்தால் பயம் கலந்த பெருமையாக இருக்கிறது என்றாள். இது ஏழாம் வாக்கியம் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, எங்கே ஏதாவது இடிந்து விழப் போகிறதோ என்று ஒரு கணம் கூரையை அண்ணாந்து பார்த்தாள். கூரை அப்படியே இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் முன்னால் கடிதம் வந்தது, இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது, வக்கீல் தன்னால்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அம்மாவைக் கேட்டால், அவளுக்கு மறக்க முடியாத நாள் கடிதம் வந்த நாளே இல்லை. விசாரணை முடிந்து மாடிப்படி இறங்கினார்களே, அதுதான் நாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகள் நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்கு அப்போ என்ன புரிஞ்சுது தெரியுமா? ஏதோ இருக்கேன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம். நல்லா இல்லாத இடத்துல யாரு இருப்பா? அப்போ நீ அடுத்த வாரம் திரும்பி வந்துடுவ. போனை வெச்சதும் அத்தைகிட்ட என் துணியெல்லாம் பையில எடுத்து வெக்கச் சொல்லுவேன், அம்மா வந்தா உடனே கிளம்பணும்னு. அத்தையும் எடுத்து வெப்பாங்க. திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போனதும் எடுத்துத் திருப்பி அலமாரியில அடுக்கிடுவாங்க."

"எவ்வளவு நாள்?"

"நீ டிக்கெட் அனுப்பற வரைக்கும்."

அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள் அம்மா. நீ அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படுவாய் என்றுதான் சொல்லவில்லையாம்.  அம்மா அரசாங்கக் கட்டடத்தின் கல்படியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குக் கோட்டுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பை. பிள்ளை அழக்கூடாது என்றுதானே அப்படிச் சொன்னாள்.

மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே ஏறிப்போன ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டார், மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு," என்றாள். "அந்த அஞ்சு வருஷம் நல்லா இருந்தியா?"

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லடி," என்றாள். "ஒரு நாள்கூட இல்ல."

மகள் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். விமானநிலையத்தில் தள்ளி நின்ற பிள்ளை அது, எட்டு வருடமாக இப்படிச் சாய்ந்ததே இல்லை. எழுந்து போக இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை, கட்டடத்தைப் பூட்ட வந்த காவலாளி சொல்கிற வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.